குறுகிய வழியும் குறி தவறாத கையும்



சித்திரை பிறந்துவிட்டால் யாழ்ப்பாணத்தில் வெயிலின் கடுமையைச் சொல்லவேண்டியதில்லை. கிணற்று நீர் கீழிறங்கும், மணல் சுடும், பனைமர நிழலும் போதாதாகும். அக்காலத்தில் நம்மவருட் சிலர் குளிர்ச்சி நாடி நுவரெலியாவுக்குப் பயணமாவர். கிறெகரி வாவியையும், ஹக்கலைப் பூங்காவையும், சீதையம்மன் கோயிலையும் கண்டு மீள்வர். அந்நகரின் நடுவிலே, மரச்செறிவினூடே வளைந்து வளைந்து செல்லும் புல்வெளி ஒன்றுண்டு. அங்கே சிலர் கையில் மட்டையோடு நடப்பர். அவர்களுக்குப் பின்னே ஒருவர் கனத்த பையைச் சுமந்து செல்வார். வீதியோரத்தில் நின்று நோக்கும் நாம், "பணக்காரர் பொழுதுபோக்கு" என்று சொல்லி அப்பாற் செல்வோம்.

நானும் பல ஆண்டுகள் அவ்வாறு அப்பாற் சென்றவனே. ஒருமுறை மலைநாட்டு ஆடுகளம் ஒன்றில் நண்பர் ஒருவர் ஆட, அவருடன் கூட நடக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அன்று கண்டவையும் கேட்டவையும் என் எண்ணத்தைப் பெரிதும் மாற்றின. கோல்ப் எனப்படும் அவ்விளையாட்டைப் பற்றியும், சிறப்பாக மரங்கள் அடர்ந்த குறுகிய களத்தில் அதனை ஆடும் முறையைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

விளையாட்டின் அடிப்படை மிக எளியது. சிறுவயதில் நாம் முற்றத்திலே குழி தோண்டிப் போளை அடித்திருக்கிறோம். போளையைச் சுண்டிக் குழியில் வீழ்த்துபவன் வெல்வான். கோல்ப் என்பதும் அத்தகையதே. விரலுக்குப் பதிலாக மட்டை. முற்றத்துக்குப் பதிலாகப் பரந்த வெளி. பந்தின் விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறைதல் ஆகாது. அதன் நிறை 1.62 அவுன்சுக்கு மேற்படலாகாது. குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். தொடக்கமேடையில் இருந்து பந்தை அடித்து, புல் குறுக வெட்டிய நீண்ட பாதை வழியே கொண்டுசென்று, மிக நுண்ணிதாகப் புல் வெட்டப்பட்ட குழித்திடலை அடைந்து, அங்குள்ள குழியில் வீழ்த்தவேண்டும். இவ்வாறு பதினெட்டுக் குழிகள். மிகக் குறைந்த அடிகளில் முடிப்பவரே வெற்றியாளர். ஒவ்வொரு குழிக்கும் இத்தனை அடி போதும் என்று ஓர் அளவு வகுத்துள்ளனர். அதனைப் பார் என்பர். ஒருவர் பதினான்கு மட்டைகள் வரை கொண்டுசெல்லலாம். நெடுந்தூரம் அடிப்பதற்கு ட்றைவர் என்னும் நெடுமட்டை. இடைத்தூரங்களுக்கு எண்ணிட்ட இரும்பு மட்டைகள். குழித்திடலில் மெல்லத் தட்டுவதற்குத் தனிமட்டை.

இவ்விளையாட்டு ஸ்கொத்லாந்தில் வளர்ந்தது. 1457ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாராளுமன்றம் இதனைத் தடைசெய்தது. மக்கள் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டு இதன் பின்னே திரிகின்றனர் என்பதே காரணம். குறிபார்க்கும் கலை ஒன்றைக் காப்பதற்காகத் தடைசெய்யப்பட்ட விளையாட்டு, தானும் குறிபார்க்கும் கலையாகவே வளர்ந்தது வியப்புக்குரியது. 1764ஆம் ஆண்டில் சென்ற் அன்றூஸ் களம் பதினெட்டுக் குழி கொண்டதாக மாற்றியமைக்கப்பட்டது. அவ்வெண்ணே பின்னர் உலகெங்கும் நிலைத்தது. ஆங்கிலேயர் ஆட்சி சென்ற இடமெல்லாம் இதுவும் சென்றது. 1829இல் கல்கத்தாவில் ஒரு கழகம் எழுந்தது. 1880ஐ ஒட்டிய காலத்தில் கொழும்பில் ஆட்டம் தொடங்கிற்று. இன்று றோயல் கொழும்பு கோல்ப் கழகத்தின் களத்தினூடே களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை செல்வதைப் பலர் கண்டிருப்பீர்கள். நுவரெலியாவில் 1889ஆம் ஆண்டில் கோர்டன் ஹைலண்டர்ஸ் என்னும் ஸ்கொத்லாந்துப் படைப்பிரிவினர் ஆட்டத்தைத் தொடக்கினர் என்பர். தமிழ்நாட்டு மலைகளிலும் இவ்வாறே; கொடைக்கானல் கழகம் 1895இல் தோன்றியது.

இனி, நுவரெலியாக் களத்தின் இயல்பைக் காண்போம். நகரம் கடல்மட்டத்துக்கு மேல் ஆறாயிரம் அடிக்குச் சற்று உயரத்தில், பிதுறுதலாகல மலையின் அடிவாரத்தே அமைந்துள்ளது. களத்தின் முழுநீளம் ஏறத்தாழ 5,500 யார். உலகப் பெரும் போட்டிகள் நடைபெறும் களங்கள் 7,000 யாரையும் கடப்பதை நோக்கும்போது இது குறுகிய நீளமே. அவ்வாறாயின் இஃது எளிய களமாகுமோ என்று வினவலாம். அன்று. இருமருங்கிலும் சைப்பிரசு, யூக்கலிப்டசு முதலிய நெடுமரங்கள் மதிலென நிற்கின்றன. நிலம் மேடும் பள்ளமுமாக அமைந்துள்ளது. சிற்றோடைகள் குறுக்கிடுகின்றன. குழித்திடல்களும் அகன்றவை அல்ல. நீளத்தால் வருத்தாத இக்களம் அகலத்தால் வருத்துகின்றது. தோள்வலிமை மிக்கவனுக்கு இங்கே முதலிடமில்லை. குறி தவறாதவனுக்கே முதலிடம்.

இதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். நான் கலைப்பட்டதாரி, கணிதம் என் துறையன்று. ஆதலால் எங்கள் கணித ஆசிரியரைக் கேட்டுச் சரிபார்த்தே இதனைக் கூறுகிறேன். பாதையின் அகலம் முப்பது யார் என்று கொள்வோம். நடுவை நோக்கி அடிப்பவனுக்கு ஒவ்வொரு புறத்திலும் பதினைந்து யார் இடமுண்டு. அவன் குறி ஐந்து பாகை விலகுகிறது எனக் கொள்க. பந்து 150 யார் சென்றால் நடுவிலிருந்து 13 யார் விலகும், பாதைக்குள்ளேயே நிற்கும். 200 யார் சென்றால் பதினேழரை யார் விலகும். பாதையைத் தாண்டிப் புற்பற்றைக்குட் சென்றுவிடும். 250 யார் சென்றால் 22 யார் விலகும், மரங்களுக்கிடையே புகுந்துவிடும். பிழை மூன்றிலும் ஒன்றே. தூரம் கூடக்கூடப் பிழையின் விளைவு கூடுகின்றது. திறந்த வெளியில் இவ்விலகலுக்குத் தண்டனை இல்லை. அங்கே நெடிதடிப்பவன் ஊதியமே பெறுவான். காட்டுக்களத்திலோ அவ்வூதியத்தை மரங்கள் பறித்துக்கொள்கின்றன.

நம் ஒழுங்கைகளில் துவிச்சக்கரவண்டி ஓட்டியவர்க்கு இது புதிதன்று. அகன்ற பெருவீதியில் வண்டி ஒருசாண் அங்குமிங்கும் அசைந்தால் எவரும் கவனியார். இருபுறமும் கிடுகுவேலி நெருங்கிய ஒழுங்கையில் வேகமாய்ச் செல்பவன் ஒருசாண் அசைந்தால் கதிகால் தோளை உரசிவிடும். வேலி புதிதாகப் பிழையை உண்டாக்குவதில்லை. முன்னரே இருந்த பிழையைக் காட்டித் தருகிறது.

பந்து விலகுவதற்குக் காரணம் யாது? பந்து எத்திசையிற் புறப்படும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது, அடிபடும் கணத்தில் மட்டையின் முகம் நோக்கும் திசையாகும். மட்டை வீசப்படும் வழிக்கும் முகம் நோக்கும் திசைக்கும் வேறுபாடு இருந்தால், பந்து பக்கவாட்டாகச் சுழன்று வானில் வளைந்து செல்லும். வலிந்து வீசும்போது உடல் நிலைகுலைகிறது. முகத்தைச் செவ்வையாகக் கொண்டுவருதல் அரிதாகிறது. நெடுமட்டையின் காம்பு நீண்டது, முகமோ நிமிர்ந்தது. ஆதலால் அதில் நேரும் சிறு பிழையும் பெரிதாகப் புலப்படும். முகம் சாய்ந்த குறுமட்டை பந்தை உயர எழுப்பிப் பின்னோக்கிச் சுழலச் செய்கிறது. பக்கவளைவு ஒப்பளவிற் குறைவாகும். அனுபவம் மிக்கவர்கள் நெருக்கமான பாதையில் நெடுமட்டையைப் பைக்குள்ளேயே விட்டுவைப்பதன் காரணம் இதுவே.

மலைநாட்டுக்கு மற்றுமொரு சிறப்புண்டு. ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்து அடர்த்தியில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்று மேற்பட்டதே. தடை குறைவதால் பந்து ஏறத்தாழப் பத்திலொரு பங்கு கூடுதலாகச் செல்லும். கொழும்பில் 200 யார் அடிப்பவன் இங்கே 220 யாரை எட்டலாம். கேட்பதற்கு இது நன்மைபோலத் தோன்றும். ஆயினும் பாதை சற்றே திரும்பும் இடத்தில் அந்த இருபது யார் அவனைத் திருப்பத்துக்கு அப்பாலுள்ள மரக்கூட்டத்தினுட் சேர்த்துவிடும். காலைக் குளிரில் பந்து சற்றுக் குறைந்தும், ஏற்றத்தில் குறைந்தும், இறக்கத்தில் கூடியும் செல்லும். ஆகவே, எவ்வளவு தூரம் அடிக்க முடியும் என்பதன்று இங்கே வினா. எவ்வளவு தூரத்தில் பந்து நிற்கவேண்டும் என்பதே.

இவ்வினாவுக்கு விடைகாணும் முறை பின்னிருந்து முன்னோக்கி வருவது. குழி எங்கே உள்ளது என முதலில் நோக்கவேண்டும். அக்குழியை அணுக எந்தப் பக்கம் திறந்திருக்கிறது? அப்பக்கத்தைக் காணத்தக்க இடம் பாதையில் எது? அவ்விடத்தில் பந்தை நிறுத்த எந்த மட்டை ஏற்றது? இவ்வாறு முடிவிலிருந்து தொடக்கத்துக்கு வரவேண்டும். வாதத்தின் முடிவைத் தெளிந்த பின்னரே முதல் வாக்கியத்தை எழுதுக என்று மாணவருக்கு நாம் கூறுவதில்லையா? அதுபோன்றதே இதுவும்.

நான் நண்பருடன் நடந்த நாளுக்கு மீள்கிறேன். ஒரு குழி 340 யார் நீளம், பார் நான்கு. பாதையின் இருபுறமும் நெருங்கிய மரங்கள். பையைச் சுமந்து வந்தவர் அறுபது வயதை அணுகியவர். மலையகத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த தமிழர். அவர் நண்பரிடம் இரும்பு மட்டை ஒன்றை நீட்டி, "ஐயா, பெரிய மட்டை இங்க வேணாங்க. இதுல அடிச்சீங்கன்னா அந்த வளைஞ்ச மரத்துக்கு இந்தப் பக்கமா நிக்கும். அங்கேருந்து குழி நல்லாத் தெரியுங்க" என்றார்.

நண்பர் நகைத்தார். "எத்தனை வருசமா ஆடுறன், எனக்குத் தெரியாதே?" என்று கூறி நெடுமட்டையையே எடுத்தார். பந்து அழகாக எழுந்தது, வலப்புறம் வளைந்தது, மரங்களிடையே மறைந்தது. விதிப்படி தேடுவதற்கு மூன்று நிமிடமே உண்டு. 2019க்கு முன்னர் ஐந்து நிமிடம் இருந்தது. கிடைக்காவிடின் ஓரடி தண்டமாக ஏற்று, முன்னர் அடித்த இடத்துக்கே திரும்பவேண்டும். நல்லவேளையாகப் பந்து கிடைத்தது. "பக்கமா தட்டிப் பாதைக்கு வந்திடுங்க ஐயா" என்றார் முதியவர். நண்பரோ இரு மரங்களுக்கிடையே தெரிந்த இடைவெளியினூடே குழியை நோக்கியே அடித்தார். பந்து அடிமரத்தில் மோதி, முன்னிருந்த இடத்துக்கும் பின்னே சென்றது. முடிவில் அவர் கணக்கு எட்டடி.

முதியவர் சொன்னபடி ஆடியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? முதலடி 200 யார். எஞ்சுவது 140 யார். இரண்டாம் அடியில் குழித்திடல். பின்னர் இரு தட்டுகள். மொத்தம் நான்கு. தவறிப் போயினும் ஐந்து. நெடிதடித்து நண்பர் பெற விரும்பியது ஐம்பது யார். இழந்தது நான்கு அடி. குறுகிய நீளமுள்ள களத்தில் ஐம்பது யாரை விட்டுக்கொடுப்பதால் பெருநட்டம் இல்லை என்பதை அந்த முதியவர் அறிந்திருந்தார். காட்டுக்குள் அகப்பட்டபின் ஓரடியை இழந்து பக்கவாட்டாய் வெளியேறுவதே சிக்கனம் என்பதையும் அறிந்திருந்தார். ஒரு பிழையை உடனே ஈடுசெய்துவிட வேண்டும் என்ற அவசரமே அதனை மூன்று பிழைகளாக்கிவிடுகிறது.

உலகத்திலும் இவ்வுண்மைக்குச் சான்றுகள் உண்டு. அமெரிக்காவில் தென் கரொலைனாவின் ஹில்டன் ஹெட் தீவில், உல்லாச விடுதிகளோடு இணைந்த ஹார்பர் டவுன் என்னும் களம் 1969இல் திறக்கப்பட்டது. பீற் டை என்பவர், புகழ்பெற்ற வீரர் ஜாக் நிக்லசின் ஆலோசனையோடு அதனை அமைத்தார். ஓக் மரக்கிளைகள் பாதைமேற் கவிந்திருக்கும். குழித்திடல்கள் மிகச் சிறியன. நீளத்தை நாடி எல்லோரும் ஓடிய காலத்தில் நுட்பத்தை நாடி எழுந்த களம் அது. அங்கே முதன்முதல் நடந்த போட்டியில் ஆர்னல்ட் பாமர் வென்றார். ஸ்பெயினில் தக்கை மரங்கள் சூழ்ந்த வல்டெறாமா என்னும் களமும் இத்தகையதே. 1997இல் ஐரோப்பிய அமெரிக்க வீரர்களுக்கிடையிலான றைடர் கிண்ணப் போட்டி அங்கே நடைபெற்றது.

கருவிகளும் பந்துகளும் முன்னேறிப் பந்து மேலும் மேலும் தூரம் செல்ல, களங்களை நீட்டவேண்டிய தேவை பல நாடுகளில் எழுந்துள்ளது. நீட்டிய களத்துக்கு நிலம் வேண்டும், நீர் வேண்டும், உரம் வேண்டும். அகலத்தாலும் மரத்தாலும் சோதிக்கும் பழைய களமோ இருந்த நிலத்துக்குள்ளேயே தன் கடுமையைக் காத்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்திலும் இத்தகைய களம் வேண்டும் என்று நான் கூறுவதாக எவரும் எண்ணவேண்டா. ஆறில்லா நமது குடாநாட்டில் சுண்ணக்கற் பாறையிடையே தங்கும் மழைநீரே நமக்கு உயிர். இட்ட உரம் கிணற்றில் இறங்குவதைத் தோட்டக்காரர் அறிவர். புல்லை வளர்க்கக் கொடுப்பதற்கு நம்மிடம் நீரில்லை. நாம் அங்கிருந்து கொண்டுவரத்தக்கது களத்தையன்று, பாடத்தையே.

அப்பாடம் யாது? ஆட்டம் முடிந்தபின் முதியவருடன் சற்று உரையாடினேன். "நீங்கள் ஆடிப் பழகியதில்லையா?" என்று வினவினேன்.

"பழகியிருக்கேங்க, வாத்தியாரய்யா. பன்னெண்டு வயசுல பையத் தூக்கினது. பந்து எங்க போகும்னு சத்தத்த வச்சே சொல்லிடுவேன். ஆனா, வழி சொல்றதுக்குத்தானுங்களே நமக்குக் கூலி" என்றார். கூறிவிட்டுச் சிரித்தார். என்னால் அச்சிரிப்பிற் பங்குகொள்ள இயலவில்லை.

முக்கோணத்தின் பக்கங்களைக் கரும்பலகையில் வரைந்து நாம் கற்பிப்பதை அவர் காலடியால் அளந்து கற்றிருக்கிறார். காற்றையும், சரிவையும், மனித மனத்தின் அவசரத்தையும் ஒருங்கே கணித்து, ஒரு கணத்தில் விடை கூறுகிறார். பன்னிரண்டு வயதில் அவர் இருந்திருக்கவேண்டிய இடம் வகுப்பறை. முப்பதாண்டுக்கு மேலாகக் கற்பித்தல் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அவ்வெற்றிடம் என் வகுப்பறையில் இருந்த ஒன்றாகவே எனக்குத் தோன்றிற்று.

மலையக மக்களின் வரலாறு குறுகிய பாதையில் நடந்த வரலாறே. கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் அவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் அவர்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அக்குறை முற்றாய்த் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். அவர்களுக்கு இடறுவதற்கு இருபுறமும் இடம் விடப்படவில்லை. நம்மில் ஒருவன் செய்யும் பிழை புல்வெளியில் முடியும்; அவர்களில் ஒருவன் செய்யும் அதே பிழை காட்டில் முடியும். வடக்கிலுள்ள நாம் இதனைப் பல காலம் வீதியோரத்தில் நின்றே பார்த்தோம் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

வாய்ப்புக் கிடைத்த இடத்தில் பை சுமந்தவர்கள் என்ன செய்தனர் என்பதற்கும் சான்றுண்டு. 1913ஆம் ஆண்டில் அமெரிக்கத் திறந்த போட்டியில், இங்கிலாந்தின் பெருவீரர் வார்டனையும் றேயையும் வென்றவர் பிரான்சிஸ் விமெற் என்னும் இருபது வயது இளைஞர். சிறுவயதில் தம் வீட்டுக்கெதிரே இருந்த அதே களத்தில் பிறருக்காகப் பை சுமந்தவர் அவர். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பென் ஹோகனும் பைரன் நெல்சனும் டெக்சாசில் ஒரே களத்தில் பை சுமந்த சிறுவர்களே. நமது இலங்கையிலிருந்தும் தங்கராஜா, பிரபாகரன் முதலிய தமிழ்ப் பெயர் கொண்ட வீரர்கள் இந்தியத் தொழின்முறைப் போட்டிகளில் ஆடிப் பெயர் பெற்றுள்ளனர்.

நேயர்களே, அடுத்தமுறை நுவரெலியாவுக்குச் செல்லும்போது வீதியோரத்தில் சற்று நில்லுங்கள். உடன்வரும் பிள்ளைகளுக்கு, மரங்களுக்கிடையே செல்லும் அப்புற்பாதையைக் காட்டுங்கள். எல்லாவற்றிலும் நெடிதடிக்கவேண்டும் என்று அவர்களை நாம் ஓயாது தூண்டுகிறோம். எங்கே நிறுத்தவேண்டும் என்பதை முதலில் எண்ணுக. வழி தவறினால் ஓரடி இழந்தாயினும் பாதைக்கு மீள்க என்பதையும் கற்பிப்போம். மட்டை பிடித்தவரைக் காட்டிய பின்னர், பை சுமப்பவரையும் காட்டுங்கள். அக்களத்தை முழுதும் அறிந்தவர் யார் என்று அவர்களையே கேளுங்கள்.